சத்தம் யார் பக்கம்

லியனார்ட் தன் கல்யாண வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகளெல்லாம் பசியாறும்போது எடுத்தவை. வயிறு நிறைந்தால்தான் அவருக்குத் தைரியம் வரும். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது தோசை பாதியில் இருக்கும்போது தட்டைத் தள்ளி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேரி, வண்டியோட முன்சக்கரப் பேரிங்கை நானே மாத்தப் போறேன். வீட்டிலேயே."

சாந்தமேரி தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே படுத்தால் திரும்ப எழுந்திருக்க முடியுமா என்று மட்டும் விசாரித்தாள். முடியும் என்றார் லியனார்ட். அப்படியானால் சரி என்று நாலாவது தோசையைக் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததில் அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தோசை சூடாக இருந்ததால் வரவில்லை.

அவர்களுடைய வெள்ளைப் பிக்கப்பைத் தெரியாதவர்கள் கிள்ளானில் அந்தத் தாமானில், அந்தக் குடியிருப்பில், கிடையாது. பார்த்துத் தெரிந்தவர்களைவிடக் கேட்டுத் தெரிந்தவர்கள் அதிகம். போன வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்றதிலிருந்து அதன் முன்பக்கத்தில் ஒரு முனகல். மெதுவாகப் போனால் முனகும், வேகமெடுத்தால் ஊளையிடும். சக்கரத்துக்குள்ளே தண்ணீர் புகுந்து பேரிங் தேய்ந்துவிட்டது என்று பட்டறை போர்மேன் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர். வண்டி உழைத்தது போதும் அங்கிள், வித்துடுங்க என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து லியனார்ட் அந்தப் பட்டறை இருக்கிற ஜாலானில், அந்தத் தெருவில்கூடக் கால் வைப்பதில்லை. அவர் துறைமுகத்துக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, மகள் நடாலி பிறந்த வருஷத்தில் வாங்கின வண்டி அது. வீட்டுக்கு முதலில் வந்தது நடாலியா, வண்டியா என்று கேட்டால் லியனார்ட் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஆனால் 'வித்துடுங்க' என்ற அந்த ஒரு சொல் பட்டறையிலிருந்து அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. காப்பாரில் ஆடு வளர்க்கிற கமலநாதன் என்று ஒருவர் இருப்பதாக சாந்தமேரி ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவருக்கு இப்படி ஒரு பழைய பிக்கப் தேவையாம். நல்ல மனிதராம். மறு வாரம் அவர் போன் செய்தாராம். பின்னால் பலகை அடித்தால் எத்தனை ஆடு நிற்கும் என்று கேட்டாராம். லியனார்ட் கமலநாதனைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அவர் முகம் நன்றாகத் தெரியும். தடித்த மீசை, வாயில் பல்குத்தி, அடுத்தவன் வண்டியைக் கண்ணாலேயே அளக்கிற பார்வை. தன் பிள்ளைகள் மெத்தை போட்டுப் படுத்த இடத்தில் கமலநாதனின் ஆடுகள் ஒன்றுக்குப் போவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கெடுவையும் சாந்தமேரியே வைத்தாள். ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. வருஷா வருஷம் அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து வண்டிகள் வரிசையாகப் புறப்படும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே ஃபாதர் ஒவ்வொரு வண்டியையும் மந்திரிப்பார். ஓட்டுகிறவர் பேரைச் சொல்லிச் செபித்து, தலையில் தீர்த்தம் தெளிப்பார். அதோடு வண்டி அப்படியே கேட்டைத் தாண்டி வடக்கே போய்விட வேண்டும். மறந்துவிட்ட செருப்பை எடுக்க வீட்டுக்குத் திரும்புவதுகூட வழக்கமில்லை. மந்திரித்த கைதான் போய்ச் சேரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். ஒரு வருஷம் யாரோ பாதி வழியில் கை மாற்றிக்கொண்டு, தாப்பா பக்கத்தில் டயர் வெடித்து மழையில் நின்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கில் யாரும் அந்த விளையாட்டுக்குப் போனதில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும்," என்றாள் சாந்தமேரி. "இல்லன்னா நாம ரயில்ல போவோம். வண்டி காப்பாருக்குப் போவட்டும்."

பேரிங் தேய்ந்தது எந்தப் பக்கத்துச் சக்கரத்தில் என்பதில் மட்டும் வீட்டில் இரண்டு கட்சி. லியனார்ட் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவர். சத்தம் இடது பக்கத்திலிருந்து, அதாவது சாந்தமேரி உட்காரும் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி. சாந்தமேரியின் காதுக்கு அது வலது பக்கம். ஒருவர் பக்கத்தில் பழுது என்று இன்னொருவர் சொல்வது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் லியனார்டிடம் இந்த முறை ஆதாரம் இருந்தது. வண்டியை இடது பக்கம் திருப்பும்போது ஊளை கூடுகிறது. இடது பக்கம் திரும்பினால் கூடுகிற சத்தம் இடது சக்கரத்தில்தானே இருக்கும்? இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். சாந்தமேரி எதற்கும் இரண்டு பக்கத்தையும் ஒரு தரம் தூக்கிச் சுற்றிப் பார்க்கலாமே என்றாள். தேவையில்லை என்றுவிட்டார்.

வியாழக்கிழமை பூராவும் போர்ச்சில் வேலை நடந்தது. இடது பக்கத்தை ஜேக் வைத்துத் தூக்கி, கீழே கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். நடுவில் இருந்த மூடியைத் தட்டி எடுத்து, நட்டுக்குக் காவல் இருக்கும் பின்னை உருவி, நட்டைத் திருகியதும் சக்கரம் மாட்டுகிற கனமான ஹப் கையோடு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவர் மடியில் உட்கார்ந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார், எழுந்திருக்க முடியாததால்.

பழைய பேரிங் உட்கார்ந்திருந்த இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுப்பதுதான் கடினமான வேலை. பகல் முழுக்கத் தட்டினார். பக்கத்து வீட்டுத் தம்புசாமி கோப்பிக் கோப்பையோடு வேலியருகே வந்து, மணி அடிக்குது, பூசை எத்தனை மணிக்கு அண்ணே என்று கேட்டுவிட்டுப் போனார். ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவுவதற்கு அகலமான தட்டு தேவைப்பட்டது. கிறிஸ்துமஸ் கேக் தட்டு அதற்கென்றே செய்தது போல இருந்தது. சாந்தமேரி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் கேக் தட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாத முதல் சந்தர்ப்பம் அதுதான். அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதுப் பேரிங்கில் விரல் நோகக் கிரீஸை ஏற்றி, எல்லாவற்றையும் வந்த வரிசையில் திரும்பப் பூட்டி, முழங்கைவரை கறுப்பாக எழுந்து நின்றபோது லியனார்டுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. வண்டிக்கு ஏதாவது செய்துவிட்டோம் என்ற சந்தோஷம். குளிக்காமல்கூட வண்டியை எடுத்துக்கொண்டு தாமானை ஒரு சுற்றுச் சுற்றினார்.

ஊளை அப்படியே இருந்தது.

புதுப் பேரிங், கொஞ்சம் பழகணும் என்று வீட்டில் சொன்னார். பழகின பேரிங்தானே ஊளையிடுது என்றாள் சாந்தமேரி.

வெள்ளிக்கிழமை காலை அவளே ஒரு யோசனை சொன்னாள். உள்ளே உட்கார்ந்தால் கதவு ஆடுகிறது, கண்ணாடி ஆடுகிறது, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வண்டியின் பின்னால் சாமான் ஏற்றும் தட்டில் படுத்து, இரும்பில் காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஒருவர் படுத்தால் இன்னொருவர் ஓட்ட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாந்தமேரிக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த காலம் முழுக்கத் தன் சின்னக் காரில் தானே போய்த் தானே வந்தவள். பிக்கப்பை மட்டும் அவள் தொட்டதில்லை. வாங்கின புதிதில் ஒரு தரம் கேட்டாள். இது லோரி மாதிரி மேரி, உனக்குக் கை வலிக்கும் என்றார் லியனார்ட். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவள் மறந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தார். ஒரு பழைய தலையணையோடு பின்னால் ஏறி, இடது மூலையில் காதை இரும்பில் ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். போர்ச்சை விட்டு வண்டி நகரும்போது தம்புசாமி வேலிக்கு ஓடிவந்து, அண்ணனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்க அக்கா என்று கேட்டார். லியனார்ட் தலையைத் தூக்கித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஓட்டறது யார் வேணும்னாலும் ஓட்டலாம் லா தம்பு. கேக்கறதுக்குத்தான் மூளை வேணும்."

முன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாந்தமேரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

தாமானைச் சுற்றி வந்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வேகமெடுத்தால்தானே ஊளை வரும் என்று அவள் பெரிய ரோட்டுக்குப் போய்விட்டாள். லியனார்ட் இடது மூலையில் கேட்டார். வெறும் இரைச்சல். புரண்டு வலது மூலைக்குப் போய்க் காதை வைத்தார். இரும்புக்குள்ளே ஏதோ பிராணி அழுவது போல இருந்தது. வண்டி இடது பக்கம் திரும்பியபோது அவர் உடம்பே வலது பக்கம் உருண்டு சுவரில் மோதியது. அழுகையும் கூடியது. அப்போதுதான் புரிந்தது. இடது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது. தன் உடம்புக்குத் தெரிந்தது தன் புத்திக்குத் தெரியாமல் போனதே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வலது பக்கம்தான். அவர் பக்கம்தான்.

இதை உடனே சொல்லத் தேவையில்லை என்று முடிவு செய்து மல்லாந்து படுத்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் தன் வண்டியின் பின்தட்டில் படுத்ததே இல்லை. அது பிள்ளைகளின் இடம். ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே மெத்தையை விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, மூலையில் புளிச்சோற்று வாளியை வைத்து, நடாலியையும் அவள் தம்பியையும் ஏற்றிக்கொண்டு பழைய ரோட்டில் புறப்படுவார்கள். தஞ்சோங் மாலிம், பீடோர், ஈப்போ. ஒவ்வோர் ஊரிலும் ஒரு சண்டை, ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஐஸ்கிரீம். அப்போது யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் பயமும் இல்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டியவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது என்று இப்போது நினைத்தார். ஓடுகிற வானம், தந்திக் கம்பிகள், பாலத்தின் அடிவயிறு. எவ்வளவு நன்றாக இருக்கிறது.

தலையைத் திருப்பியபோது, பக்கச் சுவரின் அடியில், படுத்தால் மட்டுமே கண்ணுக்குப் படுகிற இடத்தில், சிவப்பு நகப்பூச்சால் 'நடாலி ரூம்' என்று எழுதியிருந்தது. கீழே, தம்பி வரக்கூடாது என்று சின்னதாக. லியனார்ட் அதை விரலால் தடவினார். சுபாங்கில் இரண்டு பிள்ளைக்குத் தாயாக இருக்கிற மகள், எந்த வருஷம் எந்த ஊரைத் தாண்டும்போது இதை எழுதினாளோ. அந்த வருஷங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. எந்த வருஷமாக இருந்தாலும் சரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது தலைக்கு மேல் ஒரு பச்சைப் பலகை கடந்து போனது. 'காப்பார்' என்று எழுதி அம்பு போட்டிருந்தது.

லியனார்ட் எழுந்து உட்கார்ந்தார். வண்டி நேரே காப்பார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. இவள் கமலநாதன் வீட்டுக்குப் போகிறாள். வண்டியோடு சேர்த்துத் தன்னையும் அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பப் போகிறாள். அவர் பின்கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார். உள்ளே சாந்தமேரி ஜன்னலைத் திறந்துவைத்து, தலைமுடி பறக்க, ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தட்டுவது கேட்டதும் வேகம் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் மிதித்தாள்.

கடைசியில் ஓர் இளநீர்க் கடையோரம் நிறுத்தினாள். லியனார்ட் இறங்காமலேயே, கமலநாதன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்னும் தூரம், வேண்டுமானால் போகலாமா என்றாள். வேண்டாம் என்றார். பிறகு இரண்டு பேரும் பின்பலகையைத் திறந்துபோட்டு, அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். வலது பக்கம்தான் என்று லியனார்ட் மெதுவாக ஒப்புக்கொண்டார். சாந்தமேரி ஆச்சரியப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"விக்க மனசு வரல மேரி," என்றார் அவர். "பிள்ளைங்க போயிட்டாங்க. வேலையும் போயிடுச்சு. இதுல ஏறி உக்காந்தா மட்டும் எல்லாரும் பின்னாடி இருக்கற மாதிரியே இருக்கு."

சாந்தமேரி உறிஞ்சுவதை நிறுத்தினாள். தாப்பாவில் அடித்த ஒரு மழையைப் பற்றிச் சொன்னாள். தார்ப்பாய் கிழிந்து, பிள்ளைகள் இரண்டையும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரே சீட்டில் நாலு பேரும் ஈரத் துணியோடு நெருக்கி உட்கார்ந்து, நடாலி பாட்டுப் பாடி, புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேரும்போது எல்லாருக்கும் காய்ச்சல். அந்த வருஷம்தான் தனக்கு மிகவும் பிடித்த வருஷம் என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. லோரிகள் கிளப்புகிற தூசி என்று லியனார்ட் நினைத்துக்கொண்டார்.

"கமலநாதன்கிட்ட ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்றேன்," என்றாள். திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். அவர் காதுக்கு இன்னொரு முறை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும்தான் இன்னொரு செட் பேரிங் வாங்க வேண்டுமே என்ற நினைவு வந்தது. சாந்தமேரி அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வியாழக்கிழமையே வாங்கி வைத்ததாம். நீங்க இடது பக்கம் தட்டிக்கிட்டு இருந்தப்போ கடைக்குப் போயிட்டு வந்தேன் என்றாள். லியனார்ட் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவள் கேக் தட்டைக் கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வலது பக்கம் முடிந்தது. பழைய பேரிங்கைக் கையில் சுற்றினால் மணலை மெல்வது போலக் கரகரத்தது. சந்தேகமே இல்லை. நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, கொஞ்சம் தளர்த்தி, பின்னைச் செருகி, சாயங்காலம் பெரிய ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். ஊளை இல்லை. முனகல் இல்லை. வண்டி முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாளில் போனது போலப் போனது. அன்று லியனார்ட் தாமானை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினார். தம்புசாமி, வண்டிச் சத்தம் கேக்கல, வித்துட்டீங்களா அண்ணே என்று கேட்டதுகூட அவருக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை முடிச்சோடு பூசைக்குப் புறப்பட்டார்கள். லியனார்ட் ஓட்டினார். சாந்தமேரி இடது பக்கம், மடியில் ஜெபமாலையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தாமானைத் தாண்டி வேகமெடுத்தபோது அவருக்கு மிக மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. ம்ம்ம்ம் என்று. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. லியனார்ட் காதைத் தீட்டிக்கொண்டார்.

"மேரி, உனக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

அவள் சொன்ன அந்த நேரத்தில் சத்தமும் நின்றிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வந்தது. ம்ம்ம்ம். கோயில் போய்ச் சேரும்வரை வந்தது, நின்றது, வந்தது. பூசையில் லியனார்டின் வாய் செபம் சொன்னது, காது முற்றத்தில் நிற்கும் வண்டியிடமே இருந்தது.

பூசை முடிந்து வண்டிகள் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக ஃபாதர் ரேமண்டை நோக்கி ஊர்ந்தன. லியனார்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் சத்தத்தோடு நெடுஞ்சாலையில் ஏற முடியாது. ஏறாவிட்டால் ரயில், ரயிலுக்குப் பிறகு ஆடு. சக்கரத்தோரம் நடந்துகொண்டே கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"நீ இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் மெதுவா உருட்டு மேரி. நான் கூடவே நடந்து கேக்கறேன்."

சாந்தமேரி வேண்டாம் என்றாள். எல்லாரும் பார்க்கிறார்களே, நான் எதற்கு, நீங்களே ஓட்டுங்கள் என்றாள். லியனார்ட் கெஞ்சினார். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். அவர் மறுபடியும் கெஞ்சினார். கடைசியில், நீங்க இவ்வளவு சொல்றதுனால என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு நகர்ந்தாள்.

வண்டி ஊர்ந்தது. லியனார்ட் குனிந்து, வலது சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் குனிந்தார். அப்போதும் இல்லை. எவ்வளவு அமைதியான பேரிங் என்று அவர் நெகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் பிடரியில் சில்லென்று தண்ணீர் விழுந்தது.

"புனித அன்னம்மாளே, இந்த வண்டியை ஓட்டிச் செல்லும் உம் மகள் சாந்தமேரிக்காக வேண்டிக்கொள்ளும்," என்று ஃபாதர் ரேமண்டின் குரல் மைக்கில் கேட்டது. கீழே பார்த்துவிட்டு ஒரு கணம் யோசித்தார். "சக்கரத்தைக் கவனித்துக்கொள்ளும் லியனார்டுக்காகவும்."

முற்றம் முழுக்க ஆமென் சொன்னது. லியனார்ட் நிமிர்ந்து, ஃபாதர், ஓட்டுறது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஃபாதர் பின்னால் நின்ற வேனுக்குப் போய்விட்டார். மரியாயின் சேனை என்கிற கோயில் சபைப் பெண்கள் ஜன்னலருகே வந்து சாந்தமேரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மந்திரித்த வண்டி நிற்கக்கூடாது, கையும் மாறக்கூடாது. லியனார்ட் ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

ஏறியதும் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. வண்டியில் இருப்பது ஒரே நீளச் சீட். நகர்த்தினால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் நகரும். குள்ளமான சாந்தமேரி பெடல் எட்டுவதற்காக அதை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். ஆறடி லியனார்ட் முழங்காலை மோவாயோடு சேர்த்து மடக்கி உட்கார வேண்டியதாயிற்று. ரவாங் தாண்டும்வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. கால் வலிக்கிறது என்றார்.

"இத்தனை வருஷமா எனக்கு இந்தச் சீட்டுல கால் தரையில எட்டாது," என்றாள் அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் தொங்கிக்கிட்டேதான் வருவேன். நான் ஏதாவது சொன்னேனா?"

லியனார்டுக்கு அது தெரியாது. ஓட்டுகிறவருக்கு ரோடு மட்டும்தான் தெரியும். அவர் மனம் வருந்தினார், உண்மையாகவே வருந்தினார். அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. வெளியே செம்பனைத் தோட்டங்கள் ஓடின. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவள் நன்றாகத்தான் ஓட்டினாள், அவரைவிட நன்றாக.

தஞ்சோங் மாலிம் பக்கத்தில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. ம்ம்ம்ம். லியனார்ட் பதறி நிமிர்ந்தார். காதை வலது பக்கம் திருப்பினார். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது, ஆனால் சக்கரத்தின் உயரத்திலிருந்து வரவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி மனைவியின் மூடிய உதடுகளைப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் மேலே போய், கொஞ்சம் கீழே வந்து, மாதா பாட்டு ஒன்றின் இரண்டாவது அடியில் போய் நின்றது.

கேக் தட்டு, அலமாரிப் பெட்டி, முற்றத்தில் அவள் விட்ட பெருமூச்சு எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிடுவது நல்லது என்று பட்டது.

"மேரி. காப்பார்ல அந்த ஆட்டுக்காரரு, கமலநாதன். அவராவது இருக்காரா?"

சாந்தமேரி கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, முன்னால் போன பஸ்ஸை நிதானமாக முந்தினாள்.

"இருப்பாரு லா," என்றாள். "அவ்வளவு பெரிய காப்பார்ல ஒரு கமலநாதன் இல்லாமலா போயிடுவாரு?"